அரிக்கமேட்டில் ஒரு நாள்

ஜூபிலி மலர் என்றால் ஆலயம் எழும்பிய வரலாறு, பங்குக் குருக்களின் வரிசை, பக்த சபைகளின் அறிக்கை, நன்கொடையாளர் பட்டியல் என்று ஒரு முறை உண்டு. அவையெல்லாம் இம்மலரில் உரிய பக்கங்களில் இடம்பெற்றிருக்கின்றன. நாம் எடுத்துக்கொண்ட பொருள் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவில் கிடக்கும் ஒரு மண்மேடு. ஜூபிலி மலருக்கும் மண்மேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம், சம்பந்தம் இருக்கிறது.

புதுச்சேரி என்றால் பிரெஞ்சுக்காரர் வைத்த ஊர், 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் கால் வைத்ததிலிருந்துதான் அதற்குச் சரித்திரம் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இன்னொரு சாரார் அரிக்கமேட்டைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அவர்களோ, "அது உரோமாபுரிக்காரர் கட்டிய ஊர்" என்பார்கள். முதலில் பிரெஞ்சுக்காரர், அதற்கு முன் உரோமையர் என்றால், இவ்வூர் மக்கள் எப்போதுதான் இங்கே இருந்தார்கள்? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, இந்த விழா ஆண்டில் ஒரு சனிக்கிழமை, பங்கு இளைஞர் சிலரையும் மறைக்கல்வி வகுப்பின் மூத்த பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அரிக்கமேட்டுக்குப் போய்வந்தோம்.

கடலூர் சாலையில் பஸ் ஏறினால் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அரியாங்குப்பம். மாதா கோவிலில் ஓர் அருள் நிறை மந்திரம் சொல்லிவிட்டுக் கிழக்கே நடந்தோம். காக்கையன்தோப்பு வந்தது, அதையும் கடந்தால் தென்னையும் மாவும் நிழல் தரும் தோப்பு, அதன் ஓரமாக வளைந்து ஓடும் அரியாங்குப்பம் ஆறு. ஆற்றங்கரையில் சற்றே உயர்ந்து நிற்கும் நிலம்தான் அரிக்கமேடு. 'அருகன் மேடு' என்பதே அவ்வாறு மருவியது என்பர். அருகன் என்ற சொல் சமணருடைய தெய்வத்தையும் குறிக்கும், புத்தரையும் குறிக்கும். அமர்ந்த கோலத்தில் ஒரு புத்தர் சிலை காக்கையன்தோப்பில் இருக்கிறது என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

துறைமுகம் என்றால் கடற்கரையில்தானே இருக்க வேண்டும், ஆற்றுக்குள் ஏன் என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. நம் சோழமண்டலக் கரையில் மலை முனையோ குடாவோ கிடையாது. அலை நேரே வந்து மணலில் அடிக்கும். பிரெஞ்சுக்காரர் காலத்திலும் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, தைத்த பலகைப் படகுகளில்தான் சரக்கும் ஆட்களும் கரையேற வேண்டியிருந்தது. ஆற்றின் வாய்க்குள் நுழைந்துவிட்டாலோ அலையும் இல்லை, புயல் பயமும் குறைவு. இன்றைக்கும் நம் மீன்பிடித் துறைமுகம் தேங்காய்த்திட்டில், இதே ஆற்றின் வாயருகேதான் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்த பரதவருக்கு இதை எந்த அந்நியனும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

இனி அந்நியர் எழுதிவைத்ததைப் பார்ப்போம். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் எகிப்து நாட்டில் வாழ்ந்த ஒரு கிரேக்க வணிகர், செங்கடலிலிருந்து இந்தியா வரையிலான துறைகளையும் அவற்றில் விற்கும் பொருள், வாங்கும் பொருள் ஆகியவற்றையும் வரிசையாகக் குறித்து ஒரு கைந்நூல் எழுதினார். அவர் பெயர் நமக்குக் கிட்டவில்லை. நூலைப் 'பெரிப்ளூஸ்' என்பார்கள். குமரி முனையைச் சுற்றி வடக்கே வரும்போது கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளை அவர் அடுத்தடுத்துச் சொல்கிறார். கமரா காவிரிப்பூம்பட்டினம் என்றும், சோபட்மா மரக்காணம் என்றும் அறிஞர் பலர் கொள்வர். இரண்டுக்கும் நடுவே உள்ள பொதுகே நம் ஊர். அதன் பின் வந்த தாலமி என்ற நூலாசிரியரும் பொதுகேயைக் குறிப்பிட்டு, 'எம்போரியோன்' என்று அதற்கு அடைமொழி தருகிறார்.

இந்தச் சொல்லைக் கண்டதும் நமக்குக் குருமடத்து நாட்கள் நினைவுக்கு வந்தன. புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த காலத்தில் இச்சொல்லைச் சந்தித்திருக்கிறோம். அருளப்பர் நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில், ஆண்டவர் கோவிலிலிருந்து வியாபாரிகளை விரட்டும்போது, தம் தந்தையின் இல்லத்தை எதுவாக ஆக்கிவிடாதீர்கள் என்கிறாரோ, அதற்கு அங்கே வழங்கும் சொல் இதுதான்: சந்தை, வாணிகக் கூடம். நற்செய்தியாளர் எழுதிய கிரேக்கமும் அந்தக் கப்பல் வணிகர் எழுதிய கிரேக்கமும் ஒரே காலத்துப் பேச்சு மொழியைச் சேர்ந்தவை. புலவர் நடை இல்லை, துறைமுகத்திலும் கடைத்தெருவிலும் புழங்கிய மொழி. திருவெளிப்பாடு பதினெட்டாம் அதிகாரத்தில் பாபிலோன் வீழ்ந்தபோது வணிகர் அழுதுகொண்டே அடுக்கும் சரக்குகளை எடுத்துப் பாருங்கள். முத்து, பட்டு, தந்தம், நறுமணப் பொருள்கள் என்று நீளும் அந்தப் பட்டியலில் பாதி, பெரிப்ளூஸ் ஆசிரியர் இந்தியத் துறைகளில் ஏற்றியதாகச் சொல்லும் சரக்குத்தான். அவர் ஏட்டைப் படித்தால் திருவெளிப்பாட்டின் அந்தப் பகுதி இன்னும் நன்றாக விளங்கும் என்பது நம் அனுபவம்.

யவனர் என்று நம் சங்கப் புலவர்கள் அழைத்தது முதலில் கிரேக்கரை. பிறகு உரோமைப் பேரரசின் குடிகளாக அந்தக் கடல்வழியே வந்த எல்லாரையும். அவர்கள் கொண்டுவந்த நறுமண மதுவை நாள்தோறும் பருகி இனிது வாழ்வாயாக என்று பாண்டிய மன்னன் ஒருவனை நக்கீரர் வாழ்த்தும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. பாட்டில் உள்ள மது சரி. அதைக் கொண்டுவந்த சாடி எங்கே? அது இந்த மேட்டில் கிடைத்தது.

மேட்டை அடைந்தபோது பிள்ளைகளின் முகம் சுருங்கிப் போயிற்று. தூண் இல்லை, மண்டபம் இல்லை, சிலை இல்லை. தொல்பொருள் துறையின் அறிவிப்புப் பலகை, புல், மரநிழல், கிழிந்த வலையைப் போல் பரவிய வெயில், இவ்வளவுதான். தோண்டிய குழிகளையெல்லாம் ஆய்வு முடிந்ததும் மண்ணிட்டு மூடிவிட்டார்கள், அதுதான் முறையும்கூட. ஆகையால் இங்கே கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பதுதான் அதிகம். நிழலில் எல்லாரையும் உட்காரவைத்து, இந்த மேடு கண்டுபிடிக்கப்பட்ட கதையைச் சொன்னோம்.

முதலில் இதை எழுதிவைத்தவர் வானத்தைப் பார்க்க வந்த மனிதர். லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானநூல் அறிஞர், சூரியனுக்குக் குறுக்கே சுக்கிரன் கடப்பதை அளப்பதற்காக 1761-ஆம் ஆண்டு புதுச்சேரிக்கு வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. கரையிறங்க முடியாமல் நடுக்கடலில் நின்ற அவர், அடுத்த முறை கடக்கும் வரை எட்டு ஆண்டுகள் கீழை நாடுகளிலேயே காத்திருந்தார். 1769 ஜூன் மாதம் புதுச்சேரியில் கருவிகளோடு தயாராக நின்றார். குறித்த விடியற்காலையில் மேகம் மூடிக்கொண்டது! நம் ஊர் வானம் அந்தப் பாவப்பட்ட மனிதருக்குச் செய்த துரோகத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாயிருக்கிறது. ஆனால் இங்கே தங்கியிருந்த நாட்களில் அவர் சும்மா இருக்கவில்லை. விராம்பட்டினத்துப் பக்கம் ஆற்றங்கரையில் பெரிய பெரிய செங்கற்களால் ஆன பழஞ்சுவர்கள் தென்படுவதையும் பார்த்து எழுதிவைத்தார். வானில் தவறவிட்டவர் மண்ணில் கண்டதை நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் யாரும் பொருட்படுத்தவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அதைப் பொருட்படுத்தியவர் ஒரு பள்ளி ஆசிரியர். புதுவைக் கல்லூரியில் பாடம் நடத்திவந்த ழுவோ துப்ரேய் அவர்கள், பல்லவர் வரலாற்றை ஆராய்ந்து பெயர் பெற்றவர். மழை பெய்து மண் கரைந்ததும் அரிக்கமேட்டில் வண்ண வண்ண மணிகள் வெளியே தெரியும். சிறுவர்கள் அவற்றைப் பொறுக்கி விளையாடுவார்கள். அந்த மணிகளை அவர் சேர்த்துவந்தார். 1937-ஆம் ஆண்டுவாக்கில் அவற்றிடையே ஒரு சிறு கல் அவர் கைக்கு வந்தது. அதில் ஒரு மனிதத் தலை செதுக்கியிருந்தது. அகுஸ்து சக்கரவர்த்தியின் தலை என்று அவர் முடிவு செய்தார். ஆண்டவர் பிறந்த நாளில் உலகமெங்கும் குடிமதிப்புக்குக் கட்டளையிட்டவர் என்று லூக்காஸ் எழுதும் அதே அகுஸ்து. காக்கையன்தோப்பின் சிறுவர்கள் இல்லையென்றால் இந்த ஊரின் சரித்திரம் இன்னும் எத்தனை காலம் மண்ணில் கிடந்திருக்குமோ!

1941 முதல் இங்கே தோண்டத் தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் ஃபோஷே சுவாமி. மற்றவர் சுர்லோ என்ற பிரெஞ்சுக்காரர். இருவரும் தொல்பொருள் கலையில் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். பின்வந்த அறிஞர்கள் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. எந்த ஆழத்தில், எந்த அடுக்கில் எது கிடைத்தது என்று குறிக்காமல் தோண்டினால் பொருள் கிடைக்கும், கதை போய்விடும். அந்தக் குறை உண்மை. ஆயினும் ஒரு குருவானவர் தம் ஞானப் பணிகளுக்கிடையே, உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, எழுதி அச்சிட்டு, பொது இடத்தில் பத்திரப்படுத்தினாரே, அதையும் சொல்ல வேண்டாமா? அவரும் சேர்த்துவைக்காதிருந்தால் அடுத்து வந்தவருக்குப் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது. கிடைத்த பொருள்களில் சில ஹனோய் நகரத்துப் பிரெஞ்சு ஆராய்ச்சிக் கழகத்துக்கும், சில சென்னை அருங்காட்சியகத்துக்கும் போயின.

சென்னைக்குப் போனவைதான் வேலையைச் செய்தன. 1944-இல் இந்தியத் தொல்பொருள் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியக அலமாரி ஒன்றில் ஒரு மண்சாடியின் துண்டைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அது மத்தியதரைக் கடற்கரையில் மது ஏற்றும் இருபிடிச் சாடியின் துண்டு என்று தெரிந்துகொண்டார். எங்கிருந்து வந்தது என்று கேட்டு உடனே புதுச்சேரிக்குப் புறப்பட்டார். இங்கே பொது நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் அந்தச் சாடிகளின் துண்டுகளோடு, இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புப் பளபளப்பு ஓடுகளும் இருந்தன. 1945-இல் பிரெஞ்சு அரசின் இசைவோடு, அயலாட்சியின் கீழிருந்த மண்ணில், தம் மாணவர்களுடன் அவர் அகழ்ந்தார். அடியாழத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்ததால் இறைத்து இறைத்துத்தான் தோண்ட வேண்டியிருந்தது.

ஏன் ஓர் ஓட்டுத் துண்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? பிள்ளைகளுக்கு இதை ஓர் உவமையால் விளக்கினோம். ஒரு பழைய பெட்டியில் தேதியில்லாத கடிதங்கள் நூறு இருக்கின்றன. நடுவில் ஒரே ஒரு கடிதத்தில் தபால் முத்திரை தெளிவாக இருக்கிறது. அந்த ஒன்றைக் கொண்டு மற்றவற்றின் காலத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா? அரெஸ்ஸோ ஓடு அப்படிப்பட்ட முத்திரைக் கடிதம். அந்தக் குயவர்கள் தம் பட்டறைப் பெயரைப் பாத்திரத்தின் அடியில் அச்சுக் குத்துவார்கள். விபியீ, கமூரி, இட்டா என்ற முத்திரைகள் இங்கே கிடைத்தன. அப்பாத்திரங்கள் கி.பி. ஐம்பது அளவில் செய்யப்படாமல் போயின என்பது இத்தாலியில் ஏற்கெனவே தெரிந்த செய்தி. அவை கிடந்த அடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைகளுக்கும் அதே காலந்தானே? தென்னாட்டுத் தொல்லியலுக்குக் கைக்கொண்ட முதல் உறுதியான தேதி இப்படித்தான் கிடைத்தது. இரண்டு ஆண்டு கழித்து மைசூர்ப் பகுதியில் பிரம்மகிரியை அகழ்ந்தபோது, அரிக்கமேட்டில் பார்த்த அதே வகைப் பானை ஓட்டைக் கொண்டே அங்குள்ள அடுக்குகளுக்கும் வீலர் காலம் கணித்தார்.

ஆற்றோரம் நூற்றைம்பது அடிக்கு மேல் நீண்ட ஒரு செங்கல் கட்டடத்தின் அடித்தளம் தெரிந்தது. அதைச் சரக்குக் கிடங்கு என்றார். வடக்கே வடிகாலுடன் கூடிய தொட்டிகள். அவற்றில் துணிக்குச் சாயம் தோய்த்தார்கள் என்றார். இதில் அறிஞர் எல்லாரும் ஒருமனப்படவில்லை. இந்த ஊருக்கு 'இந்திய உரோமை வாணிக நிலையம்' என்று அவர் வைத்த பெயர்தான் உலகெங்கும் பரவியது. அதிலிருந்து 'உரோமையர் கட்டிய ஊர்' என்ற பேச்சு பிறந்தது.

வீலருக்குப் பின் 1947 முதல் 1950 வரை கஸால் என்ற பிரெஞ்சு அறிஞர் அகழ்ந்தார். அதன் பிறகு நாற்பது ஆண்டு அமைதி. 1989 முதல் 1992 வரை, அமெரிக்கப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விமலா பெக்லி அம்மையார், சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கே. வி. ராமன் அவர்களின் துணையோடு மறுபடி ஆராய்ந்தார். கணக்கு மாறியது. கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, அதாவது உரோமைச் சரக்கு வந்து இறங்குவதற்கு வெகுகாலம் முன்பே, இங்கே ஊர் இருந்திருக்கிறது. இத்தாலி ஓடு வருவது நின்ற பிறகும் ஊர் நின்றுவிடவில்லை. சோழர் காலத்துக் காசும் சீனத்துப் பச்சைப் பீங்கானும் இதே மேட்டில் கிடைத்திருக்கின்றன. உரோமையர் சாமான் என்று ஒரு காலத்தில் கருதப்பட்ட, உட்புறம் புள்ளிக்கோலம் ஓடும் மெல்லிய வட்டில்கள் இந்திய மண்ணில் வனைந்தவையே என்றும் தெரிந்தது. பானை ஓடுகளில் கீறியிருந்த எழுத்துகளிலும் தமிழ் பிராமி இருக்கிறது. ஆக, யவனர் ஊருக்கு நம்மவர் வேலைக்குப் போகவில்லை. நம்மவர் ஊருக்கு யவனர் வியாபாரத்துக்கு வந்தார்கள். இதைச் சொன்னபோதுதான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்தச் சாடிகளை ஆராய்ந்த எலிசபெத் வில் என்ற அமெரிக்க அம்மையார் இன்னொரு செய்தியும் சொன்னார். மதுச் சாடிகளில் பெரும்பங்கு இத்தாலியச் சரக்கல்ல. கிரேக்க நாட்டுக் கோஸ் தீவின் பாணியில் ஆனவை. கோஸ் எங்கே என்று தேட வேண்டாம். அப்போஸ்தலர் பணி இருபத்தோராம் அதிகாரத்தின் தொடக்கத்தில், சின்னப்பர் எபேசு மூப்பர்களிடம் விடைபெற்றுக் கப்பலேறி முதலில் சேரும் தீவு அதுவே; மறுநாள் ரோது. அந்தத் தீவார் மதுவில் கடல்நீர் கலப்பது வழக்கமாம்! நம் ஊர் மன்னர்களும் வணிகர்களும் அதை எப்படித்தான் குடித்தார்களோ. இன்னொரு வகைச் சாடி ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்தது. அதில் ஏற்றியது புளிக்கவைத்த மீன்சாறு. விராம்பட்டினத்துக் கரைக்கு மேற்கு உலகத்தின் கோடியிலிருந்து மீன் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள் என்று சொன்னவுடன் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு ஆற்றுக்கு அக்கரையில் கேட்டிருக்கும். அது பெரும்பாலும் இங்கே தங்கியிருந்த யவனரின் சொந்தச் சாப்பாட்டுக்காக இருக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போகும் நம் பிள்ளைகள் பெட்டியில் ஊறுகாய் வைத்துக்கொண்டு போவதில்லையா?

இங்கிருந்து போனவற்றில் மணியைத் தனியே சொல்ல வேண்டும். பாகாய் உருகிய கண்ணாடியில் துளை வைத்து நீளமான குழாயாக இழுப்பார்கள். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடேற்றி விளிம்பை உருட்டுவார்கள். இப்படிச் செய்த கடுகளவு மணிகள் கடல் கடந்து கீழை நாடுகளெங்கும் போயின. ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் இதே முறை இருபதாம் நூற்றாண்டின் கடைசிவரை தொடர்ந்ததை மணி ஆராய்ச்சியாளர் பீட்டர் பிரான்சிஸ் பதிவுசெய்திருக்கிறார். நம்மவர் சரக்கை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவும் இல்லை. எகிப்தின் செங்கடல் துறைகளான பெரெனிகேயிலும் குசேரிலும் தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்திருக்கின்றன. கணன், சாத்தன் என்று தம் பெயரைப் பானையில் கீறிவைத்த ஆட்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். பெரெனிகேயில் ஏழரைக் கிலோ மிளகு ஓர் இந்தியத் தாழியோடு அப்படியே அகப்பட்டது.

இந்த இடத்தில் ஓர் இளைஞர், "அப்படியானால் சாமி, தோமையார் வந்தது உண்மை என்று இந்த ஓடுகள் காட்டுகின்றனவா?" என்று கேட்டார். அரெஸ்ஸோ ஓட்டின் காலமும், தோமையார் வந்ததாக நம் மரபு சொல்லும் கி.பி. 52-உம் அருகருகே நிற்பதால் எழும் கேள்வி. ஓடு சொல்வதை ஓட்டிடமிருந்தே கேட்க வேண்டும். நாம் விரும்புவதை அதன் வாயில் போடக்கூடாது. அலெக்சாந்திரியாவிலிருந்து தமிழ்க் கரைக்கு ஒவ்வோர் ஆண்டும் பருவக் காற்றோடு கப்பல் வந்துபோயிற்று, பாதை திறந்திருந்தது என்பதை ஓடு காட்டும். அந்தப் பாதையில் இன்னார் நடந்தார் என்று காட்டாது. அது மரபின் வேலை, விசுவாசத்தின் வேலை.

நண்பகலுக்குப் பின், மேட்டில் கண்ணுக்குத் தெரியும் ஒரே கட்டடத்திடம் போனோம். மரங்களுக்கிடையே உயர்ந்து நிற்கும் இடிந்த செங்கல் சுவர்கள். யவனர் கட்டியவை என்று நினைத்து இதன் முன் படமெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. இது 18-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட வேதபோதகர் இல்லம். இதைப் பற்றித்தான் தொடக்கத்தில் "சம்பந்தம் இருக்கிறது" என்றோம்.

பாரிஸ் வேதபோதக சபையார் கீழை நாட்டு இளைஞரைக் குருக்களாக்குவதற்கு 1665-ஆம் ஆண்டுவாக்கில் சீயம் நாட்டில் ஒரு பொதுக் குருமடம் தொடங்கினார்கள். யுத்தம் துரத்த அது இடம் மாறி மாறி, கம்போடியக் கரையை அடுத்த ஹோன் தாத் என்னுமிடத்துக்கு வந்தது. அங்கும் கொள்ளையும் தீயும். அதன் தலைவர் பிஞோ தெ பெஹேன் சுவாமி, அப்போது முப்பது வயதுகூட நிரம்பாதவர், மாணவர்களோடு தப்பி மலாக்கா வழியாக 1770-இல் புதுச்சேரி வந்துசேர்ந்தார். விராம்பட்டினத்தில் குருமடம் மறுபடி திறந்தது. வியட்நாமியரும் சீனரும் சீயம் நாட்டவருமான பிள்ளைகள், இந்தத் தென்னஞ்சோலையில், இலத்தீனில் பாடம் படித்தார்கள். அவர்கள் காலடிக்குக் கீழே யவனர் சாடிகள் கிடந்தது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 1773-இல், புதுச்சேரியில் இருந்தபடியே, அன்னாமிய மொழிக்கும் இலத்தீனுக்குமான பெரும் அகராதியைப் பிஞோ சுவாமி தொகுத்தார். வியட்நாம் மொழியின் சரித்திரத்தில் மதிக்கப்படும் நூல் அது. அதன் பிறப்பிடம் நம் ஊர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1774 பிப்ரவரியில் மயிலை சாந்தோமில் அவர் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். அடுத்த ஆண்டு தம் மக்களிடம் திரும்பிப் போனார். 1782-இல் விராம்பட்டினத்துக் குருமடம் மூடப்பட்டது. ஆனால் அது செத்துப்போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்குத் தீவில் மீண்டும் எழுந்து, பொதுக் குருமடம் என்ற பெயரிலேயே இன்றும் நடக்கிறது. இங்கே படித்தவர் வியட்நாமுக்குப் போனார்கள். நூற்றைம்பது ஆண்டு கழித்து இந்த மேட்டின் ஓடுகள் வியட்நாமின் ஹனோய்க்குப் போயின. இரண்டையும் ஒருவர் திட்டமிட்டிருக்க முடியாது.

சுவரைக் கையால் தொட்டுச் சற்று நேரம் நின்றோம். பழைய ஊரின் கட்டடங்களிலிருந்து பிற்காலத்தார் செங்கற்களைத் தோண்டி எடுத்துப் போனதை வீலர் தம் குழிகளில் தெளிவாகக் கண்டிருக்கிறார். இந்த மேட்டை அழித்தது யுத்தமுமன்று, கடல்கோளுமன்று; வீடு கட்டச் செங்கல் தேடிய கைகளும், கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் ஆறுந்தான். 2010-இல் ஐக்கிய நாடுகளின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில், இந்தியப் பட்டுப்பாதைத் தலங்களில் ஒன்றாக அரிக்கமேட்டைச் சேர்த்திருக்கிறார்கள். பட்டியலில் பெயர் ஏறியது நல்லதே. ஆறு பட்டியல் படிக்காது.

விராம்பட்டினத்தை விரைவாகவே பார்த்தோம். ஆடித் தேருக்குப் பேர்போன செங்கழுநீர் அம்மன் கோவில், வலை உலரும் மணல், படகுகள். பிரெஞ்சு ஆளுநர் வடம் தொட்டுத் தேரைத் தொடங்கிவைத்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநரிடம் தொடர்கிறது. அங்கிருந்து பஸ்ஸில் நகருக்குத் திரும்பி, பாரதி பூங்காவுக்கு அருகே உள்ள அருங்காட்சியகத்துக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

காலையில் மேட்டில் காணாததெல்லாம் இங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. சாடித் துண்டுகள், வட்டில் ஓடுகள், கல்மணி, கண்ணாடி மணி. காலையில் முகம் சுருங்கிய பிள்ளைகள் இப்போது, "இது கோஸ்", "இது புள்ளிக்கோல வட்டில்" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மணிகளின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, தன் பாட்டி வீட்டில் ஒரு தகர டப்பாவில் இதே போல் மணிகள் இருக்கின்றன என்றாள். பாட்டியின் ஊர் அரியாங்குப்பமாம்.

ஆகையால் நம் பங்கு மக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ அரிக்கமேட்டில் பொறுக்கிய மணியோ ஓடோ இருந்தால், அதைப் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் தெருவில் வரும் வியாபாரிக்கும் கொடுத்துவிடாமல் அருங்காட்சியகத்தில் ஒப்படையுங்கள். கொண்டுபோய்க் கொடுக்கத் தயக்கமிருந்தால் ஞாயிறு பூசைக்குப் பின் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். நாமே உடன் வருகிறோம். கொடுக்கும்போது, யார் பொறுக்கியது, ஏறக்குறைய எந்த ஆண்டில், மேட்டின் எந்தப் பக்கம், ஆற்றோரமா தோப்பின் உள்ளா என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி மணியோடு சேர்த்துக் கட்டுங்கள். மேட்டுக்குப் போகிறவர்கள் மண்ணைக் கிளற வேண்டாம்.